சும்மா பார்க்கத்தான் போனோம்

கொழும்பிலிருந்து திரும்பி வந்த அன்று காலை, தலவாக்கலை ஸ்டேஷனில் இறங்கி, ஆட்டோ பிடித்து, எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் பையை வைக்கும்போதே பக்கத்துக் காம்பராப் பெரியம்மா கேட்டுவிட்டார். "என்னா அலுவலா போனீங்க தம்பி?" அலுவல் ஒன்றுமில்லை, சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போனோம் என்றேன். பெரியம்மா என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் என் மனைவியின் முகத்தைப் பார்த்தார். "சும்மாவா? ரெண்டு பேருமா?" என்றவர், குரலைத் தணித்துக்கொண்டு, "ஒடம்புக்கு ஏதும் செய்யுதா புள்ள?" என்று அவளிடம் கேட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததை வெளியே சொல்ல விரும்பாமல் மறைக்கிறோம் என்று நினைத்துவிட்டார்.

அன்று பகல் முடிவதற்குள் இன்னும் மூன்று பேர் இதையே கேட்டார்கள். யாரும் குத்திக் கேட்கவில்லை, அக்கறையோடுதான் கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் கொழும்பு என்று சொன்னாலே கூடவே ஓர் அலுவலும் வந்துவிடும். பத்தரமுல்லைக்குப் போனால் பாஸ்போர்ட். மருதானைப் பக்கம் போனால் வெளிநாட்டு ஏஜென்சி. கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வேன் பிடித்தால் அந்த வீட்டில் ஒருத்தி குவைத்துக்கோ சவூதிக்கோ போகிறாள். மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி என்றால் கேட்டவர் குரலும் சொன்னவர் குரலும் தாழ்ந்துவிடும், அதற்குமேல் பேச்சு வளராது. பொடியன்கள் கடை வேலைக்குப் போவார்கள், தீபாவளிக்கு முதல் நாள் புதுச் சட்டையோடு வந்து இறங்குவார்கள். எங்கள் ஆட்கள் இந்தியாவிலிருந்து வந்து இருநூறு வருசம் ஆனதற்காக 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தோமே, வந்த வழியை நினைத்து நடந்த நடை அது. ஒரு ராத்திரி ரயிலில் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய தலைநகரத்தை, பார்ப்பதற்காக மட்டும் போய்ப் பார்த்தவர்கள் எங்கள் லயத்தில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். ஸ்கூல் சுற்றுலாவில் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்குப் போன பிள்ளைகளைக் கழித்துவிட்டால் யாருமே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் பதினாலு வருசம் குடும்பம் நடத்திய பிறகுதான் போயிருக்கிறோம்.

அந்தக் கேள்வி வந்து பல மாதம் ஆகிறது. இன்னும் மனசிலிருந்து இறங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

படம் எடுக்க வந்தவர்கள்

போகலாம் என்று சொன்னது என் மனைவிதான். அதற்குக் காரணம் என் மாமியார். மாமியார் இன்னும் கொழுந்துக்குப் போகிறவர். ஒருநாள் ரோட்டோரத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு கார் நின்றிருக்கிறது. சென்கிளேயர் நீர்வீழ்ச்சி பார்க்க வருகிற கார்கள் அந்த வளைவில் நிற்பது வழக்கம். கொழும்பிலிருந்து வந்த இளம் தம்பதி, நல்ல மாதிரியான பிள்ளைகள், மரியாதையாகக் கேட்டிருக்கிறார்கள்: அம்மா, ஒரு படம் எடுக்கலாமா? மாமியார் நின்றிருக்கிறார். கூடை இல்லையா என்று கேட்டார்களாம். எங்கள் தோட்டத்தில் கூடை போய்ப் பல வருசமாகிவிட்டது, இப்போது முதுகில் தொங்குவது உரப்பை மாதிரியான ஒரு நைலோன் பை. அந்தப் பெண் பிள்ளைக்குக் கொஞ்சம் ஏமாற்றம். பரவாயில்லை என்று இப்படித் திரும்பச் சொல்லி, அப்படிச் சிரிக்கச் சொல்லி, இலையைக் கிள்ளுவதுபோல் கையை வைக்கச் சொல்லி எடுத்திருக்கிறார்கள். கால் மணித்தியாலம் போய்விட்டது. அன்றைக்கு எடுக்க வேண்டிய பதினெட்டு கிலோ வரவில்லை, ஒன்றரைக் கிலோ குறைந்து அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழுந்தது.

மாமியார் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. அந்தப் பெண் கொடுத்த பிஸ்கட் பக்கெட்டைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தபடி, "பாவம், அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்திருக்குதுக" என்றுதான் சொன்னார். அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த என் மனைவி, மாவுக் கையோடு வெளியே வந்து நின்றாள். "ஏங்க, அவங்க நம்மள வந்து பாத்துட்டுப் போறாங்க. நாம ஒருக்கா போய் அவங்க ஊரப் பாத்துட்டு வந்தா என்னா?"

அவள் கேட்டதில் கோபம் ஏதுமில்லை. உண்மையாகவே கேட்டாள். எனக்குத்தான் உடனே பதில் வரவில்லை. டிக்கெட் காசு, பிள்ளைகளை யார் பார்ப்பது, எனக்கு ஸ்கூல் இருக்கிறதே என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அப்புறம் லீவு வந்தது, மாமியார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார், சொல்ல எனக்கு வேறு சாக்கு இருக்கவில்லை.

நீல ஃபைல்

பதுளையிலிருந்து வருகிற இரவு மெயிலில் மூன்றாம் வகுப்பில் ஏறினோம். கோட்டகலை தாண்டி சிங்கமலைச் சுரங்கத்துக்குள் கோச்சி நுழையும்போது சத்தம் மாறும், தெரியுமல்லவா? காதை அடைத்துக்கொண்டு வருகிற அந்தச் சத்தம். அப்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் இந்தச் சுரங்கம் தாண்டினால் அம்மாவை விட்டுப் போகிறோம் என்று தெரிந்துவிடும் என்றாள். அவளைப் பதினைந்து வயதில் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். இரண்டு வருசம் இருந்தாள். கல்யாணம் முடித்த காலத்தில் ஒரு தடவை சொன்னதுதான், அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவளும் எடுத்ததில்லை, நானும் கேட்டதில்லை.

ஹட்டனில் தேத்தண்ணீர் வாங்கக் காசு எடுத்தபோதுதான் அவளுடைய கைப்பைக்குள் அந்த நீல ஃபைலைப் பார்த்தேன். பட்டன் வைத்து மூடுகிற பிளாஸ்டிக் ஃபைல். மலையகத்தில் அது இல்லாத வீடு இருக்காது, நிறம்தான் மாறும். எங்கள் ஃபைலுக்குள் இருப்பவை: இரண்டு பேருடைய பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பிள்ளைகளுடைய பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் போட்டோ கொப்பி, கிராம சேவகர் கடிதம், மாமனாரின் பிரஜாவுரிமைப் பத்திரத்தின் நகல். பிறப்புச் சான்றிதழில் அவள் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி. இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சொல்கிற சத்தியக் கடதாசி ஒன்றும் உண்டு.

"இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"கொழும்புக்குத்தான போறோம்" என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. பல வருசத்துக்கு முன் கொழும்பில் ஓர் அலுவலகத்தில், ஒரு கடிதம் குறைகிறது என்று கவுண்டரிலிருந்து எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு ராத்திரி ரயிலிலும் ஒரு பகல் வரிசையிலும் கழித்து, வெறுங்கையோடு வந்தோம். அன்றிலிருந்து அந்த ஃபைல் இல்லாமல் அவள் நாவலப்பிட்டிக்குக் கீழே இறங்கியதில்லை. அவளை நான் எப்படிக் குறை சொல்வேன்? அவளுடைய தாத்தா காலத்தில் 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, இருந்த இடத்திலேயே நாடில்லாமல் போனவர்கள் நாங்கள். அந்த நகலை வாங்க மாமனார் எத்தனை கந்தோர் ஏறி இறங்கினார் என்பது அந்த வீட்டில் தாலாட்டு மாதிரி திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட கதை.

நிமிர்ந்து பார்க்காத தெரு

விடியுமுன் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கினோம். ஸ்டேஷனிலேயே முகம் கழுவிக்கொண்டு, வெளியே ஒல்கொட் சிலைக்கு எதிரே ஒரு கடையில் பிளேன்டீ குடித்தோம். முதலில் நான் என் தெருவைக் காட்டுகிறேன் என்று புறக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். 1998 டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை அங்கே ஒரு புடவைக்கடையில் நின்றிருக்கிறேன். கடைக்கு மேல் மாடியில் ஏழு பேர் படுப்போம். யுத்தக் காலம். ராத்திரியில் ரவுண்ட்-அப் வந்தால் அடையாள அட்டையோடு வரிசையில் நிற்க வேண்டும். அந்த ஐந்து மாதமும் கடை, மாடி, சாப்பாட்டுக்கடை, அவ்வளவுதான் என் கொழும்பு.

அதனால் ஒரு விஷயம் எனக்கே அன்றுதான் தெரிந்தது. இரண்டாம் குறுக்குத் தெருவில் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் இருக்கிறதே, சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு கோடாக, அதன் வாசலைத் தாண்டி நான் தினமும் துணிப் பேல் சுமந்து போயிருக்கிறேன். வாசற்படி நினைவிருக்கிறது, செருப்புகள் நினைவிருக்கிறது. கூரைமேல் மாதுளங்காய் மாதிரியான குமிழ்கள் இருப்பது நினைவில் இல்லை, ஏனென்றால் நான் பார்க்கவே இல்லை. முதுகில் பேல் இருக்கிறவன் நிமிர முடியாது. 1908, 1909இல் கட்டிய கட்டடம். தொண்ணூறு வருசமாக அங்கே நின்றிருந்த ஒன்றை ஐந்து மாதம் பக்கத்தில் இருந்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன். தள்ளுவண்டியோடு சுமை தூக்கும் நாட்டாமிமார் "பாரங், பாரங்" என்று கத்திக்கொண்டு வர, நாங்கள் இரண்டு பேரும் ஓரமாக ஒதுங்கி, வெயில் ஏறி அந்தக் குமிழ்களில் படும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு நாட்டாமி, அறுபது வயதிருக்கும், எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு "எந்தத் தோட்டம்?" என்றார். சொன்னேன். அவர் பொகவந்தலாவை. "பாருங்க, பாருங்க, நல்லாப் பாருங்க" என்றுவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

தாமரைக் கோபுரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 350 மீட்டருக்கு மேல் உயரம், 2022 செப்டம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள், லிஃப்டில் காது அடைக்கிறது. வாசலில் பையைச் சோதித்த பாதுகாப்புத் தம்பி நீல ஃபைலை வெளியே எடுத்து, "மே மொகத அக்கே?" (இது என்ன அக்கா?) என்று சிரித்தபடி கேட்டான். அவள் பட்டனைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டத் தொடங்கிவிட்டாள். அவன் பதறிப்போய், வேண்டாம் வேண்டாம் என்று கையைக் காட்டி உள்ளே அனுப்பினான். மேலே போனதும் எல்லோரும் துறைமுகப் பக்கம் கூடினார்கள். அவள் எதிர்ப்பக்கம் போய்க் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு மலையைத் தேடினாள். வானம் தெளிந்த காலையில் கொழும்பிலிருந்தே சிவனொளிபாதமலை தெரியும். அன்று ஒரே மூட்டம். "நம்ம ஊரு அந்தப் பக்கந்தான?" என்றாள். அந்தப் பக்கந்தான் என்றேன். அப்புறம் துறைமுகத்தைப் பார்த்தோம். கண்டிக்கு 1867இலும் ஹட்டனுக்கு 1884இலும் தண்டவாளம் போட்டதே கோப்பியும் தேயிலையும் இந்த இடத்துக்கு இறங்கி வருவதற்காகத்தான் என்று வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறவன் நான். பெட்டி பெட்டியாக அடுக்கிய கப்பலை அன்றுதான் கண்ணால் பார்க்கிறேன். மாமியார் கிள்ளியது அதில் எந்தப் பெட்டிக்குள் இருக்கிறதோ.

வெள்ளைக் கட்டடம்

அடுத்தது நூதனசாலை. ஆட்டோ, பணக்காரர்கள் குடியிருக்கும் கறுவாத்தோட்டம் பகுதிக்குள் திரும்பியதும் அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். பெரிய மரங்கள், உயரமான மதில்கள், ஆளில்லாத நடைபாதை. வாசலில் இறங்கியதும் அந்த நீளமான வெள்ளைக் கட்டடத்தைப் பார்த்து, "இதா?" என்றாள். அவள் வேலைக்கு இருந்த வீடு அங்கிருந்து நடக்கிற தூரம். அந்த வீட்டுப் பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வரும்போது இரண்டு பேருடைய புத்தகப் பையையும் தூக்கிக்கொண்டு இதன் வாசலைத் தாண்டித்தான் வருவாளாம். இரண்டு வருசமும். ஏதோ பெரிய கந்தோர் என்று நினைத்திருக்கிறாள். கேட்க யாருமில்லை, யாரும் சொல்லவுமில்லை. 1877இல் கவர்னர் கிரெகரி காலத்தில் திறந்தது, நாட்டில் யார் வேண்டுமானாலும் டிக்கெட் எடுத்து உள்ளே போகலாம் என்பது அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியாது.

அந்த வீட்டைப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். "வேணாங்க. அத எனக்குத் தெரியும். தெரியாததப் பாப்போம்" என்றாள்.

உள்ளே அவள் அதிக நேரம் நின்றது கண்டி அரசரின் சிம்மாசனத்துக்கு முன்னால். பொன் தகடு போர்த்தி, கைப்பிடியில் சிங்கம் வைத்த ஆசனம். 1693இல் ஒல்லாந்தர் கண்டி மன்னருக்குக் கொடுத்தது, கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன்வரை அதில்தான் அமர்ந்தார்கள். 1815இல் அவர் பிடிபட்டு, வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்துபோனார். ஆசனம் இங்கிலாந்துக்குப் போய் 1934இல் திரும்பி வந்தது. நான் வாத்தியார் புத்தியில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "கண்டியில இருந்ததா? அப்ப திரும்பி வந்தது ஏன் மேல வரல?" என்னிடம் பதில் இருக்கவில்லை. விஹாரமகாதேவிப் பூங்காவில் மரத்தடியில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு போன ரொட்டியையும் சம்பலையும் சாப்பிடும்போதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

காலிமுகத்திடல்

நான்கு மணிக்குமேல் காலிமுகத்திடலுக்குப் போனோம். கொஞ்சம் முன்னால்தான் மழை தூறி விட்டிருந்தது. அவள் கடலை ரயில் ஜன்னலிலிருந்தும் பஸ்ஸிலிருந்தும் பார்த்திருக்கிறாள். பக்கத்தில் நின்றதில்லை. முதலில் சுவரோரமாக நின்றே பார்த்தாள். பட்டம் விற்கிறவர்கள், இறால் வடைத் தள்ளுவண்டிகள், குடைக்குள் சோடிகள், பிள்ளைகளைத் துரத்துகிற தாய்மார். நடைபாதையோரம் ஒரு பழைய கல் இருக்கிறது. கவர்னர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் இந்த நடைபாதையை முடித்தார் என்றும், கொழும்பின் சீமாட்டிகளும் பிள்ளைகளும் நலம்பெற இதைப் பேணும்படி தனக்குப் பின் வருகிறவர்களிடம் ஒப்படைக்கிறார் என்றும் அதில் வெட்டியிருக்கிறது. நான் வாசித்துத் தமிழில் சொன்னேன். அதே 1850களில் எங்கள் ஆட்கள் தலைமன்னாரில் இறங்கிக் காட்டு வழியே கோப்பித் தோட்டங்களுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். அதுவும் ஞாபகம் வந்தது, அதைச் சொல்லவில்லை.

இந்த இடத்துக்கு எங்கள் ஆட்கள் வராமல் இல்லை. 2018 ஒக்டோபரில் தோட்டத் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய்ச் சம்பளம் கேட்டு, கொழும்பில் கடைகளில் நிற்கிற நம் பொடியன்கள் கறுப்புச் சட்டையோடு இங்கேதான் திரண்டார்கள். என் மச்சினனும் வந்தான். அதுவும் ஓர் அலுவல்தான், பெரிய அலுவல்.

"ஒக்காருவோமா?" என்று கேட்டேன். புல் ஈரமாக இருந்தது. அவள் கட்டியிருந்தது நல்ல சேலை, கல்யாண நாளுக்கு எடுத்தது. சுற்றிலும் பார்த்தாள். என்னிடம் கைலேஞ்சி ஒன்றுதான் இருந்தது. அவள் கைப்பையைத் திறந்து, அந்த நீல ஃபைலை எடுத்து, பட்டன் சரியாக மூடியிருக்கிறதா என்று விரலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள். அப்புறம் அதைப் புல்லின்மேல் வைத்து, சேலையை ஒதுக்கிக்கொண்டு, அதன்மேல் உட்கார்ந்தாள்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். என்னால் அந்தக் கணத்தைச் சரியாகச் சொல்ல முடியுமா தெரியவில்லை. எங்கள் வீட்டில் அந்த ஃபைலுக்கு மேல் யாரும் ஒரு பேப்பர்கூட வைக்கமாட்டார்கள். சாமிப் படத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். கூரை ஒழுகும்போது முதலில் எடுப்பது அதைத்தான், பிறகுதான் பாய் தலையணை. லயத்தில் நெருப்புப் பிடித்த ராத்திரி மாமனார் அந்தப் பத்திரத்தைத்தான் தூக்கிக்கொண்டு ஓடினார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவள் அதைப் பலகை மாதிரிப் போட்டு உட்கார்ந்துவிட்டு, இரண்டு கையையும் பின்னால் ஊன்றிக்கொண்டு, காலை நீட்டினாள். பாதத்தில் புறக்கோட்டைத் தூசி. காற்று அவள் முடியைக் கலைத்துக்கொண்டிருந்தது. மூஞ்சியில் விழுந்த முடியை அவள் ஒதுக்கவில்லை.

"ஏங்க நிக்கிறீங்க? நமக்கென்ன இங்க வேல இருக்கு, ஒக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். இரண்டு மணித்தியாலம் இருந்தோம். தூரத்தில் ஒரு கப்பல் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் இருந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுண்டு விரல் அளவு நகர்ந்தது. இறால் வடை வாங்கினேன். உறைப்பு. பக்கத்தில் ஒரு சிங்களக் குடும்பம் தங்களைப் படமெடுத்துத் தரச் சொல்லி எங்களிடம் ஃபோனை நீட்டியது. அவள்தான் வாங்கி எடுத்தாள். அந்த அம்மாவைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பச் சொன்னாள், சிரிக்கச் சொன்னாள். திருப்பிக் கொடுக்கும்போது, "நூறாம் நம்பர் பஸ் இந்தப் பக்கமா வரும்?" என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டும் வைத்துக்கொண்டாள். சூரியன் இறங்கியதும் எழுந்தோம். ஃபைலை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். பின்பக்கம் புல் ஒட்டிய பச்சைக் கறை போகவில்லை, இன்னும் இருக்கிறது.

மெயில் எத்தனை மணிக்கு

திரும்பும்போது நாவலப்பிட்டி தாண்டிக் குளிர் ஏறியதும் ஜன்னலை இறக்கினோம். அவள் தூங்கிவிட்டாள். சுரங்கத்துக்குள் போனபோதும் எழவில்லை.

பெரியம்மாவின் கேள்விக்கு நான் அன்று நல்ல பதில் சொல்லவில்லை என்ற வருத்தம் எனக்கு இருந்தது. ஒரு மாதம் கழித்து ஒரு பின்னேரம், கொழுந்து நிறுத்துவிட்டு வந்தவர், இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல் எங்கள் வாசற்படியில் வந்து உட்கார்ந்தார். ஐம்பது வருசம் அந்த மலையில் கொழுந்தெடுத்த கை, விரல் இடுக்கெல்லாம் கறுப்பாகச் சாறு ஏறியிருக்கும். அவருடைய மகளைக் கட்டுநாயக்காவில் வழியனுப்பப் போனது ஒரு தடவை, புருசனை மஹரகமவுக்குக் கொண்டுபோனது பல தடவை. மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அந்த ராத்திரி மெயிலு இங்க எத்தன மணிக்கு வருது தம்பி?" என்று கேட்டார். சொன்னேன். மூன்றாம் வகுப்பு எவ்வளவு என்று கேட்டார். அதையும் சொன்னேன். தேத்தண்ணீரைக் குடித்து முடிக்கும்வரை வேறெதுவும் பேசவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, என் மனைவியைப் பார்த்துக் கேட்டார்:

"ஏம் புள்ள, அந்தக் கடலுகிட்ட ஒக்காந்தா யாரும் எந்திரிக்கச் சொல்ல மாட்டாங்களா?"

"ரெண்டு மணித்தியாலம் இருந்தோம் பெரியம்மா" என்றாள் அவள். "ஒருத்தரும் சொல்லல."